நான்காம் வகுப்புக்குத் தமிழாசிரியர் எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் உள்ள எங்கள் ஊர்த் தமிழ்வழித் தொடக்கப் பள்ளியைப் பற்றிப் பெற்றோரிடையே இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. இரண்டும் உண்மைதான். என் மகளின் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை விரல் பிடித்து மணலில் ‘ழ’ எழுதப் பழக்கினார். ஓணம் விடுமுறையில் பொள்ளாச்சி பஸ்ஸின் பலகையை அவளே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுப் பையன் நான்காம் வகுப்பு. அங்கே தமிழாசிரியர் இடம் ஜூன் முதல் காலி. தற்காலிகமாக வந்தவருக்குத் தமிழ் தெரியாது. பாவம், அவர் என்ன செய்வார்? ‘பல்லிக்கூடம்’ என்று எழுதிய வரிக்கும் சிவப்பு மையில் சரிக்குறி! பார்த்ததும் வயிறு எரிந்தது.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறப் போதிய வசதி செய்துதர அரசு முயல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350ஏ பிரிவு. கிறிஸ்துமஸ் தேர்வுக்கு முன்பாவது தமிழ் படித்த ஒருவரை நியமியுங்கள்.

ஒரு தாய்,
சித்தூர் வட்டம், பாலக்காடு.