அங்பாவ் காசில் ஒரு விமானம்

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்று ராத்திரி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம்; ஸ்பிட்ஃபயர் என்ற பழைய போர் விமானத்தின் வடிவம், பால்சா என்ற லேசான மரத்தில். "மாமா, இதக் கட்டட்டுமா? தீபாவளிக்கு உறையில் கிடைச்ச அங்பாவ் காசு அப்படியே இருக்கு. சீக்கிரம் உடையாம இருக்கணும்" என்று கேட்டிருந்தாய். அங்கேயே பதில் போட்டிருப்பேன். நாலு வரிக்கு மேல் போனால் நீ படிக்கமாட்டாய் என்று உன் அம்மா சொல்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

வேண்டாம்மா. அழகான விமானம்தான். நானும் அந்த அழகில் மயங்கித்தான் முதல் விமானமாக ஒரு போர் விமானத்தைக் கட்டினேன். கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் மூன்று மாதம் சாப்பாட்டு மேசை முழுக்க பால்சாத் தூள். பறந்தது எவ்வளவு நேரம் என்று கேட்காதே. திடலோரம் நின்ற உன் பாட்டி குடையை விரித்து முடிப்பதற்குள் கீழே வந்துவிட்டது. மிச்சத்தை அரிசிப் பையில் அள்ளிக்கொண்டு வந்தேன்.

அடிப்பக்கம் வைத்த இறக்கை, நுனியில் குறுகும் வடிவம், அதோடு கனம். இந்த மூன்றும் சேர்ந்த மாடலில் வேகம் கொஞ்சம் குறைந்தாலே ஒரு பக்க நுனி தூக்கும் சக்தியை இழந்துவிடும். விமானம் அந்தப் பக்கமே புரளும். பழகாத கை பதறி எதிர்ப்பக்கம் இழுத்தால் இன்னும் மோசம்.

உடையாத விமானம் என்று ஒன்று கிடையாது. எப்படி உடையும், எத்தனை மணி நேரத்தில் ஒட்டலாம் என்று பார்த்துத்தான் முதல் விமானத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நாலு மடங்கு. ஆகவே கனமில்லாமல், மெதுவாகப் பறப்பதுதான் அதிக நாள் தாங்கும். கெட்டியான பொருளில் கட்டினால் தப்பிக்கலாம் என்று எனக்கும் தோன்றியிருக்கிறது. தேர்தல் பதாகைக்குப் போடுகிறார்களே, இம்ப்ரா போர்டு என்ற பிளாஸ்டிக் அட்டை, அதிலேயே ஒன்று செய்தேன். விழுந்தபோது இறக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கனத்தைத் தூக்க வேகமாகவே பறக்க வேண்டியிருந்தது, அந்த வேகத்தை என் கை தாங்கவில்லை. ஈ.பி.பி. என்ற ரப்பர் மாதிரி நுரை நன்றாகத் துள்ளி எழும். ஆனால் வளையும், உள்ளே கார்பன் குச்சி வைக்க வேண்டும். அது இரண்டாவது விமானத்துக்கு இருக்கட்டும்.

உனக்கு 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டு, அதாவது காகிதம் ஒட்டிய நுரை அட்டை, போதும். எழுதுபொருள் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். பிளேடு, சூட்டுப் பசைத் துப்பாக்கி, இரண்டு சாயங்காலம், வேலை முடிந்தது. இறக்கை உடம்புக்கு மேலே. நுனிக்கு நுனி 1.2 மீட்டர், அகலம் 20 சென்டிமீட்டர். இரண்டு நுனியும் நடுப்பகுதியைவிட 5 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கட்டும். அந்தச் சாய்வு இருந்தால் கையை எடுத்ததும் விமானம் தானாகவே நிமிரப் பார்க்கும். எல்லாம் சேர்ந்து 700 கிராமுக்குள் அடக்கு. இறக்கையின் அடியில் நூல் ஓடும் ஃபைபர் டேப் ஒரு பட்டை நீளவாக்கில் ஒட்டினால் நடுவில் மடங்காது.

இறக்கையைப் பசை போட்டு ஒட்டிவிடாதே. உடம்பின் குறுக்கே இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சிகள் இரண்டைச் செருகி, ரப்பர் பேண்டால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டு. நுனி தரையில் பட்டால் இறக்கை முறியாமல் கழன்று போகும். தே பொங்கூஸ், அதாவது பையில் வாங்கிப் போகும் தேநீர், கட்டும் மெல்லிய ரப்பர் வெயிலில் அறுந்துவிடும், அகலமானதை வாங்கு. மூக்குதான் எப்போதும் முதலில் மண்ணைத் தொடும். அதனால் மோட்டாரை இறக்கைக்குப் பின்னால் மேலே வைத்துப் பின்னிருந்து தள்ளவிடு, மூக்கில் பஞ்சு வைத்து பேட்டரியைப் போடு. சக்கரமும் வேண்டாம். நம் திடல் புல்லில் முதலில் பிய்வது அதுதான். கையால் எறிந்து பறக்கவிடலாம். மேலே இருக்கும் மோட்டார் முழு வேகத்தில் மூக்கைக் கொஞ்சம் கீழே அழுத்தும், பயந்துவிடாதே.

இறக்கையின் முன் விளிம்பிலிருந்து 5, 6 சென்டிமீட்டர் தள்ளி இரண்டு விரலில் தூக்கிப் பார். சமமாக நிற்க வேண்டும். வால் பக்கம் கனமாகச் சாய்ந்தால் பறக்கவே விடாதே, பேட்டரியை முன்னால் நகர்த்து.

காசைச் செலவழிக்க வேண்டிய இடம் எலக்ட்ரானிக்ஸ். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஸ்பீட் கன்ட்ரோலர், வால் மடல்களை அசைக்கும் சின்ன மோட்டாரான 9 கிராம் சர்வோ இரண்டு, 11.1 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. இறக்கை நாலு மாறினாலும் இவை அடுத்த விமானத்துக்கு அப்படியே போகும். ஒரு சின்ன விஷயம்: இந்த விமானத்தில் அயிலரான், அதாவது இறக்கையின் பின் விளிம்பில் அசையும் மடல், கிடையாது; திருப்புவது வாலில் நிமிர்ந்து நிற்கும் ரட்டர் மடல்தான். அதன் சர்வோவை, ரிமோட்டில் அயிலரானுக்கு உள்ள குச்சி இயக்கும் சேனலில் செருகிவிடு. பின்னால் அயிலரான் விமானத்துக்குப் போகும்போது கை குழம்பாது. என்னிடம் யாரும் இதைச் சொல்லவில்லை.

நம் ஊருக்கு இரண்டு எச்சரிக்கை. காலையில் புல்லில் பனி நிற்கும், ஃபோம் போர்டின் காகிதம் ஊறி உரியும். அடிப்பக்கம் முழுக்க டேப் ஒட்டு. மேலே ஒரு நிறம், கீழே வேறு நிறம் என்று ஒட்டினால் தூரத்தில் எந்தப் பக்கம் என்று தெரியும். அப்புறம் வெயிலில் பூட்டிய கார். ஒருமுறை சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் சூட்டுப் பசை இளகி என் மோட்டார் சாய்ந்து தொங்கியது. பேட்டரியைக் காரில் விட்டுப் போகவே கூடாது. விழுந்து உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜும் போடாதே.

கெப்போங் பூங்காவில் பறக்கவிடலாமா என்று கேட்பாய். அங்கே பட்டமும் குழந்தைகளும்தான். விமான நிலையம் பக்கமும் போகக்கூடாது, மற்ற இடத்திலும் அனுமதி இல்லாமல் 400 அடிக்கு மேல் ஏற்றக்கூடாது. உனக்கு 100 அடியே தாராளம். ஆளில்லாத திடல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், காற்று எழும் முன் காலை எட்டு மணிக்கே போய்விடலாம்.

சனிக்கிழமை வீட்டுக்கு வா. போர்டு நாலு ஷீட் வாங்கிக்கொள். ஒரே அட்டை அச்சில் எல்லாத் துண்டும் இரண்டிரண்டாக வெட்டப்போகிறோம், ஒரு செட் அலமாரி மேலே இருக்கட்டும். சாத்தே குச்சி என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
மாமா