வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: விண்மீன் பேரரசில் குப்பை அள்ளுவது யார்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கடந்த பொதுக்குழுவின் நடவடிக்கைக் குறிப்புகள் முன்கூட்டியே சுற்றுக்கு விடப்பட்டுத் திருத்தமின்றி ஏற்கப்பட்டன. இவ்வாண்டின் செயல்பாடுகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன். பணிவு மரபுக்காகச் சொல்வது. அறிக்கையில் செயலாளரின் சொந்தக் கருத்தும் கலந்து வரும் என்பது உறுப்பினர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

சென்ற பொதுக்குழு எடுத்த முடிவின்படி, இந்த ஆண்டு முழுவதையும் நகைச்சுவை விண்வெளி சாகச நாவல்களுக்கே ஒதுக்கினோம். தீர்மானம் நிறைவேறியது, ஆனால் ஒருமனதாக அல்ல. மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, “சிரித்துக்கொண்டிருப்பவனுக்கு ஆபத்து உறைக்காது. ஆபத்து உறைக்காத இடத்தில் சாகசம் ஏது?” என்று கேட்டார். எதிர்ப்பைப் பதிவு செய்வதற்கென்றே அவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தவறாமல் வந்தார். அவர் புண்ணியத்தில்தான் விவாதங்கள் உருப்பட்டன என்பதையும் பதிவு செய்கிறேன்.

வாசிப்பை லூசியனிலிருந்து தொடங்கினோம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய அங்கதக்காரர் அவர். தான் சொல்லப்போவது முழுக்கப் பொய் என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் கதைக்குள் போகிறார். கப்பல் ஒன்றைச் சூறாவளி தூக்கிச் சென்று சந்திரனில் இறக்குகிறது. விடிவெள்ளியில் யார் குடியேறுவது என்பதில் சந்திரனின் அரசனுக்கும் சூரியனின் அரசனுக்கும் போர் மூண்டிருக்கிறது. பிணந்தின்னிக் கழுகுகளின் மேல் ஏறிவரும் படை, சிறகில் இறகுக்குப் பதிலாகக் கீரை இலை முளைத்த பறவைகள் என்று அமர்க்களம். சூரியன் பக்கத்தார் வானத்தில் சுவர் எழுப்பி ஒளியை மறித்துவிட, சந்திரன் சமாதானத்துக்கு இறங்கி வருகிறது. ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் பத்தாயிரம் ஜாடி பனிநீர் கப்பம் கட்டவேண்டும்.

அந்தப் பத்தாயிரம் ஜாடியில் கூட்டம் நின்றுவிட்டது. யார் சேகரிப்பது, யார் எண்ணுவது, வழியில் ஆவியாகிப் போனதற்கு யார் பொறுப்பு, ரசீது உண்டா? பொருளாளர் இவ்வளவு உற்சாகமாகப் பேசி நான் கேட்டதில்லை. இந்த வகை நாவல்களின் ஈர்ப்பே இங்குதான் இருக்கிறது என்பது என் துணிபு. பெரிய காவியங்கள் பேரரசுகளை நிறுவும், படைகளை அனுப்பும், நட்சத்திரங்களை அணைக்கும். நகைச்சுவை பின்னாலேயே ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வந்து, இதற்கெல்லாம் கணக்கு எழுதுவது யார் என்று கேட்கும்.

எதைக் கிண்டல் செய்கிறார்கள் என்று தெரியாமல் கிண்டலை ரசிக்க முடியாது. அதற்காக, ஈ. ஈ. ஸ்மித் 1928இல் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழில் தொடராக வெளியிட்ட விண்வெளி நாவலையும் பட்டியலில் சேர்த்தோம். அதில் எல்லாமே பெரிதாக இருக்கிறது, யாருக்கும் அலுப்போ தலைவலியோ வருவதில்லை. ஸ்மித் தொழிலால் உணவு வேதியியலாளர், டோனட் மாவுக் கலவைகளில் வல்லுநர். இந்தத் தகவலுக்குக் கிடைத்த கைதட்டல் நாவலுக்குக் கிடைக்கவில்லை.

ஹாரி ஹாரிசன் 1965இல் வெளியிட்ட ‘பில், த கேலக்டிக் ஹீரோ’ நாவலுக்கு, திட்டமிட்டதைவிடக் கூடுதல் நேரம் போயிற்று. அதில் பேரரசின் தலைநகரம் ஒரு முழுக் கிரகம். ஒரு சாண் மண் தெரியாமல் உலோகத்தால் மூடப்பட்ட கிரகம். இப்படிப்பட்ட தலைநகரங்களை ஏற்கெனவே பலர் பிரமிப்போடு வருணித்திருந்தார்கள். ஹாரிசன் அதே இடத்துக்குப் போய், இத்தனை கோடிப் பேர் சாப்பிட்டுப் போடும் தட்டுகள் எங்கே போகின்றன என்று பார்க்கிறார். புதைக்க மண் இல்லை. நாயகன் பில் துப்புரவுத் துறையில் வந்து மாட்டிக்கொள்கிறான். கண்டுபிடிக்கப்படும் தீர்வு என்ன தெரியுமா? குப்பையைப் பார்சலாகக் கட்டி, முன்பின் தெரியாதவர்களின் முகவரிக்குத் தபாலில் அனுப்பிவிடுவது! சிரித்து முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி நியாயமானது என்பதே உறைத்தது. கிரகம் அளவு நகரம் ஒன்றை யாராவது கட்டினால், அவர் முதலில் பதில் சொல்லவேண்டிய கேள்வி அதுதான்.

அதே நாவலில் பில் போரில் தன் இடது கையை இழக்கிறான். மருத்துவர்கள் அந்த இடத்தில் இறந்துபோன நண்பனின் வலது கையைப் பொருத்திவிடுகிறார்கள். இனி இரண்டு கையாலும் சல்யூட் அடிக்கலாம் என்பது ஓர் அனுகூலம். இந்த இடம் வாசிக்கப்பட்டபோது சிரிப்பு பாதியில் அறுந்தது. மூத்த உறுப்பினர், “இது சிரிப்பு இல்லை” என்றார். “சிரிப்பும்தான்” என்றார் நூலகப் பொறுப்பாளர். ஹாரிசன் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர் என்பதைத் தலைவர் நினைவூட்டினார். விவாதம் அதோடு முடியவில்லை, நேரம் மட்டும் முடிந்தது.

போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்வாஃப் லெம் படைத்த விண்வெளிப் பயணி இயோன் டிஹியின் ஏழாவது பயணத்தை உரக்க வாசித்தோம். சிறு விண்கல் ஒன்று மோதி விண்கலத்தின் சுக்கான் பழுதாகிறது. ஒருவர் திருகைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மரையை முடுக்கவேண்டும். கலத்தில் இருப்பதோ ஒரே ஆள். காலச் சுழலுக்குள் கலம் சிக்கியதும் நாளைய டிஹி வந்து இன்றைய டிஹியை எழுப்புகிறான். இவன் அதைக் கனவு என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிடுகிறான். பிறகு திங்கட்கிழமை டிஹி, செவ்வாய்க்கிழமை டிஹி என்று கலம் நிரம்புகிறது. இருப்பது ஒரே விண்வெளி உடை. அது யாருக்கு என்பதில் அடிதடி, பழைய பாக்கிகளைக் கிளறல், கடைசியில் கூட்டம், விவாதம். பெரியவர்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே இரண்டு சிறுவர்கள் போய்த் திருகை முடுக்கிவிடுகிறார்கள். அவர்களும் டிஹிகளே.

ஆண்டின் மிகப் பெரிய சிரிப்பு இதற்குத்தான். சங்கம் நடத்தியவர்களுக்கு இந்தக் கதையில் கற்பனை என்று சொல்ல அதிகம் இல்லை. ஆனால் இங்கே ஆபத்து பொய்யாகவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். சுக்கான் இல்லாத கலம் விண்வெளியில் போய்க்கொண்டே இருக்கிறது. அந்த ஒரு திருகு இறுகாதவரை அடிதடியின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. மூத்த உறுப்பினர் இதை ஏற்றுக்கொண்டார், ‘தற்காலிகமாக’ என்ற சொல்லைச் சேர்த்து.

டக்ளஸ் ஆடம்ஸைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்ற தயக்கத்தோடுதான் அந்தக் கூட்டத்தைக் கூட்டினேன். அவருடைய ‘த ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு த கேலக்ஸி’ 1978இல் பிபிசி வானொலித் தொடராகத் தொடங்கி மறு ஆண்டு நாவலானது, எல்லோரும் அறிந்த கதை. பூமியை இடிக்கும் திட்டம் ஆல்ஃபா சென்டாரியில் உள்ள அலுவலகத்தில் ஐம்பது ஆண்டுகளாகப் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்ததே, ஏன் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை என்று கேட்கிறார்கள் இடிக்க வந்தவர்கள். உறுப்பினர் ஒருவர் காகிதத்தில் கணக்குப் போட்டார். அந்த நட்சத்திரம் நான்கு ஒளியாண்டுக்கும் சற்று அதிகமான தொலைவில் இருக்கிறது. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 கலம் நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் செல்கிறது. அந்த வேகத்தில் ஆட்சேப மனுவைக் கொண்டுபோய்ச் சேர்க்க 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கணக்கு தெரிந்தபின் நகைச்சுவை இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை.

அதன் தொடர்ச்சியான 1980ஆம் ஆண்டு நாவலின் தொடக்கத்தில், எதிரிக் கலம் தாக்க வரும் நேரத்தில் நாயகனுக்குத் தேநீர் வேண்டும். தேநீர் என்றால் என்ன என்று கண்டுபிடிப்பதில் கலத்தின் கணினி மொத்த மூளையையும் செலவிட்டுவிடுகிறது. தற்காப்புக்கு மிச்சமில்லை. குண்டு உண்மை, தேநீர் ஆசையும் உண்மை. இரண்டுக்கும் ஒரே கணினி.

இந்த இடத்தில் வட்டம் ஓரளவு ஒத்த கருத்துக்கு வந்தது. நல்ல நாவல்களில் மாந்தர்களுக்குத் தாங்கள் நகைச்சுவைக் கதையில் இருப்பது தெரியாது. அவர்கள் பயப்படுகிறார்கள், பசியால் வாடுகிறார்கள், படிவம் நிரப்புகிறார்கள். பாத்திரங்களே வரிக்கு வரி துணுக்கு உதிர்த்துக்கொண்டு, சாவின் முன்னாலும் கண்ணடிக்கும் நாவல்கள் சிலவற்றையும் வாசித்தோம். பெயர் சொல்லவில்லை. அவற்றைப் பாதியில் திருப்பிக் கொடுத்தவர்கள் அதிகம். மூத்த உறுப்பினரின் ஆட்சேபம் அவற்றுக்கு அப்படியே பொருந்தும்.

லோயிஸ் மக்மாஸ்டர் புஜோல்டின் 1986ஆம் ஆண்டு நாவலை இளைய உறுப்பினர்கள் பரிந்துரைத்தார்கள். ராணுவப் பயிற்சிக் கழகத்தின் உடற்தகுதித் தேர்விலேயே கால் முறிந்து வெளியேறும் இளைஞன், ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் சொல்லிச் சொல்லி, கூலிப்படைக்கே தலைவனாகிவிடுகிறான். இல்லாத படைக்கு ஆள் சேர்த்துவிட்டுச் சம்பளத்துக்கு முழிக்கும் பகுதிகளில் சிரித்தோம். பிறகு அவனுக்கு நெருங்கிய ஒருவர் சாகிறார், அந்தச் சாவை எந்தத் துணுக்கும் துடைப்பதில்லை. ஜான் ஸ்கால்சிக்கு 2013இல் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது பெற்றுத்தந்த நாவல், ஆய்வுப் பயணங்களில் எப்போதும் கடைநிலை ஊழியர்களே சாவதைக் கவனித்துவிட்ட கடைநிலை ஊழியர்களைப் பற்றியது. யோசனை அருமை. பிற்பகுதி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, பெரும்பாலோர் என்னோடு உடன்படவில்லை.

நூலகம்: இவ்வகை நூல்களுக்குத் தனி அடுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. லெம் நூல் இரவல் போனது போனபடியே இருக்கிறது. வைத்திருப்பவர் திருப்பித் தந்தால் பெயர் வெளியிடப்படாது.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதில் ‘பனிநீர் கப்பம்’ என்றொரு தலைப்பு காணப்பட்டால், அது அவருடைய சொந்தப் பொறுப்பு.

உரக்க வாசித்தவர்களுக்கும், கூட்டம் முடிந்தபின் சொல்லாமலே நாற்காலிகளை அடுக்கிவைத்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கான பொருள் குறித்து இரண்டு முன்மொழிவுகள் வந்துள்ளன. ஒன்று, துப்பறியும் நாவல்கள். மற்றொன்று, இதே வகையை இன்னும் ஓராண்டு தொடர்வது. இரண்டாவதை முன்மொழிந்திருப்பவர் மூத்த உறுப்பினர். தம் ஆட்சேபங்கள் இன்னும் தீரவில்லை என்பதைக் காரணமாக எழுத்தில் தந்திருக்கிறார். இரண்டும் இன்று வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன.

இப்படிக்கு,
செயலாளர்