எங்கள் ஃபிரிட்ஜில் இனி எனர்ஜி டிரிங்க் இருக்காது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரமாகக் கடைக்கு வரும் பிள்ளைகள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். “ஃபிரிட்ஜில இருந்த பாட்டிலெல்லாம் எங்க அண்ணாச்சி?” மீதமிருந்த இரண்டு பெட்டி எனர்ஜி டிரிங்கையும் ஏஜெண்டிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இனி வாங்கப்போவதும் இல்லை. ஏன் என்று பெற்றோருக்கும் கோச்சுகளுக்கும் விளக்கிச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடல்.

போன மாதம் பள்ளிகளுக்கு இடையேயான ஹாக்கிப் போட்டி நடந்ததே, அன்றைக்கு நடந்தது இது. பதின்மூன்று வயதுப் பையன், நல்ல ஃபார்வர்டு. மட்டைக்கு கிரிப் மாற்ற நம் கடைக்குத்தான் வருவான். முதல் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு பாட்டில் வாங்கிக் குடித்தான். அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் இன்னொன்று. மதியம் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. “நெஞ்சு படபடன்னு அடிக்குது அண்ணாச்சி” என்றான். அவன் அப்பாவை வரவழைத்து டாக்டரிடம் அனுப்பினோம். இப்போது நன்றாக இருக்கிறான், ஆடுகிறான். ஆனால் அந்த இரண்டு பாட்டிலையும் விற்றது நாங்கள். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அந்த பாட்டிலிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. இத்தனை வருடம் விற்றும் அதை நான் ஒருநாளும் படித்ததில்லை. அன்று ராத்திரிதான் படித்தேன்.

அப்புறம் தெரிந்த டாக்டர்களிடமும் கோச்சுகளிடமும் கேட்டு, தேடிப் படித்துப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நாம் ஓடியாடி உழைக்க உழைக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். “போதும், கொஞ்சம் உட்கார்” என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். எனர்ஜி டிரிங்கில் காஃபீன் இருக்கிறது, காபியில் இருப்பதும் அதே பொருள்தான். அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் இந்தக் காஃபீன் முந்திக்கொண்டு ஒட்டிக்கொள்ளும். களைப்பு அப்படியே இருக்கும், களைப்பு தெரிவது மட்டும் நின்றுபோகும். அந்த டிரிங்கில் சக்தி என்று இருப்பது சர்க்கரை மட்டும்தான். நம் கரிசல் காட்டு வெயிலில் ஆடுகிற பிள்ளைக்குக் களைப்பு ஓர் எச்சரிக்கை. தலை சுற்றுகிறது, கால் ஓடவில்லை என்று உடம்பு சொல்லும்போது அவன் நிழலுக்கு வர வேண்டும். அந்தச் சத்தத்தை அடக்கிவிட்டு அவனை இன்னும் இருபது நிமிடம் ஓடவிடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அளவையும் பாருங்கள். இந்தியச் சட்டப்படி இந்த வகைப் பானத்தில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம். 250 மில்லி பாட்டிலில் 75 வரை வரும். பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் வரம்பாகச் சொன்னது. 25 கிலோ இருக்கும் பிள்ளைக்கு ஒரே பாட்டிலில் அந்த வரம்பு முடிந்துவிடும். காலையில் வீட்டில் குடித்த காபி கணக்கில் வரவே இல்லை. பிறவியிலேயே இதயத்துடிப்பில் கோளாறு இருந்தும், அது தெரியாமலே ஆடிக்கொண்டிருக்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு இது உயிர் விஷயம்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிப் பயிற்சிக்கு முன் குடித்தால் ராத்திரி பத்து மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில்தான். காலை ஐந்தரைக்கு டர்ஃப் மைதானத்தில் நிற்க வேண்டிய பையன் நடுராத்திரி வரை புரண்டுகொண்டிருந்தால் காலையில் களைப்பாகத்தான் இருப்பான். அந்தக் களைப்புக்கு இன்னொரு பாட்டில் கேட்பான். முன்பெல்லாம் இது விலை கூடிய டின். 20 ரூபாய்க்கு வந்த பிறகு பள்ளிப் பிள்ளைகளின் பாக்கெட் காசுக்குள் அடங்கிவிட்டது.

“பெரிய பெரிய வீரர்களே குடிக்கிறார்களே” என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. காஃபீன் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலிருந்து 2004-இல் எடுக்கப்பட்டது. வளர்ந்த வீரர்களுக்கு அது கொஞ்சம் உதவும் என்பதும் உண்மைதான். அவர்கள் எடையைப் பார்த்து, அளந்து, பக்கத்தில் மருத்துவரை வைத்துக்கொண்டு எடுக்கிறார்கள். பிள்ளைகளுக்கும் இளம் பருவத்தினருக்கும் எனர்ஜி டிரிங்க் கூடவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011-இலேயே சொல்லிவிட்டது. லிதுவேனியா 2014-இலும் போலந்து 2024-இலும் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்பதையே தடை செய்துவிட்டன.

சரி, பிறகு என்னதான் குடிப்பது? ஒரு மணி நேரப் பயிற்சிக்குத் தண்ணீர் போதும். அதற்கு மேல் வெயிலில் ஆடினால் உப்புப் போட்ட நீர்மோரோ எலுமிச்சைச் சாறோ கொடுங்கள். காலையில் வீட்டில் நீராகாரம் இருந்தால் அதுவும் நல்லது. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழம். ஆட்டம் முடிந்ததும் நம் ஊர்க் கடலை மிட்டாய் இரண்டு. வெல்லம், நிலக்கடலை இரண்டும் அதில் இருக்கிறது, எங்கேயும் தேடிப் போக வேண்டாம். ரொம்ப வியர்த்து வாடிப்போனால் மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். பொடி வாங்குங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட் என்றால் முழுதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், பாதிப் பாதியாகக் கரைக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையா என்று உறையைப் பாருங்கள். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டு இனிப்புத் தண்ணீர் விற்றார்கள், 2025-இல்தான் அதற்குத் தடை வந்தது.

ஏற்கெனவே தினமும் குடித்துப் பழகிய பிள்ளை நிறுத்தினால் சில நாள் தலைவலிக்கலாம், எரிந்து விழலாம். திட்டாதீர்கள். நெஞ்சு வலி, மயக்கம், துடிப்பு தாறுமாறாக இருப்பது, இவற்றில் எது வந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

ஃபிரிட்ஜின் அந்தத் தட்டில் இப்போது மோர் வைத்திருக்கிறோம், ஒரு டம்ளர் பத்து ரூபாய். வாசலில் மண்பானைத் தண்ணீரும் உண்டு, அதற்குக் காசு கிடையாது. பயிற்சிக்குப் போகிற பிள்ளைகளிடம் சொந்த பாட்டிலைக் கொடுத்தனுப்புங்கள், காலை ஐந்து மணிக்கே கடை திறந்திருக்கும், நிரப்பித் தருகிறோம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
விளையாட்டுப் பொருள் கடை, கோவில்பட்டி