கொர்மத்தேன் பக்கம் சைக்கிள் செயின் மாட்டிக் கொடுத்த அம்மாவுக்கு

பிரான்சின் பர்கண்டியில் ஷிவ்ரியிலிருந்து க்ளூனி வரை போகும் சைக்கிள் பாதை, பழைய ரயில் தடத்தின் மேலேயே போடப்பட்டது. 1997-ல் திறந்தார்கள், அந்த நாட்டின் முதல் பசுமைப் பாதை அதுதான். கார், லாரி தொல்லை இல்லை, ரயில் போன தடம் என்பதால் பெரிய ஏற்றமும் கிடையாது, வழியெல்லாம் திராட்சைத் தோட்டம், கல்வீடுகள், பழைய தேவாலயங்கள். அப்படி ஓட்டிக்கொண்டு போகும்போது கொர்மத்தேன் என்ற ஊரைத் தாண்டி என் செயின் அறுந்துவிட்டது. ஆள் நடமாட்டமே இல்லை.

அம்மா, நீங்கள் எதிரே வந்தீர்கள். நான் கைகூடக் காட்டவில்லை. இறங்கி, பையிலிருந்து செயின் டூலை எடுத்து, உடைந்த கண்ணியைக் கழற்றி, உங்களிடம் இருந்த புதுக் கண்ணியை மாட்டினீர்கள். காசு நீட்டினேன், சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டீர்கள். சரி, கிளம்பிவிடுவீர்கள் என்று பார்த்தால், போகவேண்டிய திசையை விட்டுவிட்டு, செயின் தாங்குகிறதா என்று பார்க்க அடுத்த ஊர் வரை என் பின்னாலேயே வந்தீர்களே, அதை யார் செய்வார்கள்?

இருட்டுவதற்குள் க்ளூனி சேர்ந்தேன். 910-ல் தொடங்கிய மடம், ரோமில் இன்றைய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகிலேயே பெரிய தேவாலயம் இருந்த இடம். புரட்சிக்குப் பின் இடித்ததுபோக மிஞ்சிய கோபுரத்தை உங்களால்தான் அன்று பார்த்தேன்.

அந்தப் பக்கம் சைக்கிள் ஓட்டும் தமிழர்கள் யாராவது இவரைச் சந்தித்தால், தயவுசெய்து இதைப் படித்துச் சொல்லுங்கள். ரொம்ப நன்றி அம்மா.