திறன்மிகு மாணவர்களுக்கு அரசுப் பள்ளியிலேயே சிறப்பு வகுப்பு நடத்த நிதி கோரும் மனு

அனுப்புநர்
பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர்,
மற்றும் மாணவர்களின் பெற்றோர்கள்,
அரசு உயர்நிலைப் பள்ளி.

பெறுநர்
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: திறனறித் தேர்வுகளில் தேர்வாகும் மாணவர்களுக்கு, உதவித்தொகையோடு கற்பித்தலுக்கும் அரசு நிதி ஒதுக்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம். 2. மக்கள் குறைதீர்க்கும் நாளில் அளித்த மனு. 3. நினைவூட்டுக் கடிதம்.

அய்யா,

வணக்கம். பார்வையில் கண்ட எதற்கும் இதுவரை பதில் வரவில்லை. குறைதீர் நாளில் கொடுத்த மனுவுக்கு மட்டும் 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது' என்று கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. யாருக்கு அனுப்பினார்கள் என்று அதில் இல்லை. ஆகவே மீண்டும் பணிவோடு எழுதுகிறோம்.

எங்கள் பள்ளியைத் தாங்கள் அறிவீர்கள். பைபாஸுக்குத் தெற்கே, கண்மாயை ஒட்டி இருப்பது. ஆய்வுக்கு வந்தபோது ஹைடெக் லேபையும் பார்த்துவிட்டுப் போனீர்கள். அதனால் இடம், கட்டடம் பற்றி எழுதிப் பக்கத்தை நிரப்பவில்லை. விஷயத்துக்கு வருகிறோம்.

1. கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க நம்மிடம் தேர்வுகளுக்குக் குறைவில்லை. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடங்கள், மாதம் 1,000 ரூபாய். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு; மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். அதற்கும் மேல் வகுப்பில், 2023 முதல் தமிழ்நாடு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு. 1,000 பேருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். எல்லாமே நல்ல திட்டங்கள். இவற்றைத் தொடங்கியவர்களுக்கு நன்றி சொல்கிறோம்.

2. ஆனால் தேர்வான மறுநாள் அந்தப் பிள்ளை எங்கே போகிறது? அதே வகுப்புக்கு, அதே பெஞ்சுக்குத்தான். எங்களை மிகவும் வருத்துவது இதுதான், அய்யா. என் மகளையே சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் அவளாகவே ஒன்றைக் கண்டுபிடித்து நோட்டில் எழுதிவைத்தாள். ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் 1, 4, 9, 16 என்று வர்க்க எண்களாக வருகின்றன. அப்புறம் அதே எண்களை வேறு மாதிரி பிரித்துப் பார்த்திருக்கிறாள்: 1; 3+5=8; 7+9+11=27. இப்போது கன எண்கள். ஏன் இப்படி வருகிறது என்று டீச்சரிடம் கேட்டாள். டீச்சர் சந்தோஷப்பட்டார், பாராட்டினார். அதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டியவர் அவர். ஆறு முதல் பத்து வரைக்கும் கணக்குக்கு அவர் ஒருவர்தான். 'மேல் வகுப்பில் வரும்மா, அப்போ பார்த்துக்கலாம்' என்றார்.

ஏழாம் வகுப்பிலும் அது வரவில்லை, எட்டிலும் வரவில்லை. கரும்பலகையில் எழுதிய கணக்கை முதலில் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். சும்மா இருக்கிறாளே என்று மற்ற பிள்ளைகளின் நோட்டைத் திருத்தச் சொல்வார்கள். அதுவும் முடிந்தால் சாக்பீஸ் எடுத்துவர அனுப்புவார்கள். எட்டாம் வகுப்பில் பெரும்பாலான கணக்குப் பாடவேளைகள் இப்படித்தான் போயின. தேர்வில் தேறினாள், வங்கிக் கணக்கில் பணமும் வருகிறது. ஆனால் இப்போது அவள் வகுப்பில் கேள்வி கேட்பதில்லை. வீட்டிலும் கேட்பதில்லை. பணம் வந்த பிள்ளைக்குப் பாடம் வரவில்லை, அய்யா.

டீச்சர் மீது எங்களுக்கு வருத்தம் இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆய்வுக் கூட்டங்களில் பின்தங்கிய பிள்ளைகளின் பட்டியலைக் கேட்கிறீர்கள். அது நியாயம்தான். முன்னால் போன பிள்ளைக்கு என்ன செய்தீர்கள் என்று ஒரு கூட்டத்திலாவது யாராவது கேட்டதுண்டா?

3. பின்தங்கிய பிள்ளைகளுக்குச் செலவிட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவே இல்லை. 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது எங்கள் தெருப் பிள்ளைகள் அதனால் வாசிக்கக் கற்றார்கள். அங்கே பயிற்சி நூல் தனி, ஆசிரியருக்குப் பயிற்சி தனி, கண்காணிப்பு தனி. முன்னால் போகும் பிள்ளைக்கு இதில் ஒன்றுகூட இல்லை. 'அது எப்படியும் படிச்சிடும்' என்று விட்டுவிடுகிறார்கள். வசதியுள்ள வீட்டில் அது நடக்கலாம். அங்கே பயிற்சி மையம் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, கேட்டால் சொல்லித்தர ஆள் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் பள்ளியை விட்டால் வேறு யார்?

4. திறன்மிகு பிள்ளைகளுக்கென அரசு மாதிரிப் பள்ளி இருக்கிறதே என்று சொல்லக்கூடும். மாவட்டத்துக்கு ஒன்று, அதுவும் உறைவிடப் பள்ளி. இடம் கிடைத்த சிலருக்குச் சரி. மற்றவர்கள்?

5. ராமானுஜனின் பெயரில் டிசம்பர் 22-ஐத் தேசியக் கணித நாள் என்று கொண்டாடுகிறோம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் அவருக்கு உதவித்தொகை இருந்தது. கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கவனம் இல்லாமல் தோற்றதும் அது பறிபோனது. பிறகு துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்து, வேறு பாடம், தேர்வு எதையும் சுமத்தாமல் கணக்கை மட்டும் செய்யவிட்டது. அந்த 75 ரூபாய் பொதுப்பணம்தான். பிள்ளைக்குப் பொருந்துகிற ஏற்பாட்டுக்குக் கொடுத்தபோதுதான் அது பலன் தந்தது. நாங்களும் அந்த மாதிரியான செலவைத்தான் கேட்கிறோம். ராமானுஜன் வருவாரா என்று எங்களுக்குத் தெரியாது. வராவிட்டால்தான் என்ன? கேள்வி கேட்கிற ஒரு பிள்ளைக்குப் பதில் கிடைக்க வேண்டும்.

6. நிதி இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். பள்ளிக் கல்விக்கு ஒன்றிய அரசு நிதி தரும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2024-25-க்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்த செய்தியை நாங்களும் படித்தோம். ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் உள்ள அந்தச் சண்டையை எங்களால் தீர்க்க முடியாது, தங்களாலும் முடியாது. ஆனால் நாங்கள் கேட்பதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். டபுள் பிரமோஷனும் வேண்டாம். சுற்றியுள்ள பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையத்தில் சனிக்கிழமை ஒரு வகுப்பு. சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்துபோகப் பயணப்படி. கணக்குக்கும் அறிவியலுக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர் தலா ஒருவர், அவர்களுக்கு மதிப்பூதியம். பாடநூலுக்கு வெளியே கொஞ்சம் புத்தகங்கள், தமிழில். மாலையில் பூட்டிவைக்கும் லேபைத் திறந்துவைக்க அனுமதி. பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் ஆசிரியரின் பரிந்துரையையும் பிள்ளை எழுதிவைத்திருக்கும் நோட்டையும் பார்க்க வேண்டும். பள்ளிக்கு வந்து அறிவியல், கணக்குச் செய்முறைகளைக் காட்டும் வானவில் மன்றக் கருத்தாளர் வரும் நாளில் எங்கள் பிள்ளைகள் எப்படிச் சூழ்ந்துகொள்கிறார்கள் என்று ஒருநாள் வந்து பாருங்கள். அந்த ஆர்வம் அடுத்த முறை அவர் வரும்வரை எங்கே போய் நிற்கும்?

7. தயவுசெய்து கருத்துரு அனுப்புங்கள், அய்யா. இந்த ஒன்றியத்தில் மட்டும் ஓராண்டுக்குச் சோதனையாக நடத்த, செலவுக் கணக்கோடு இயக்குநரகத்துக்கு ஒரு கருத்துரு. அது தங்கள் கையில் இருக்கிறது. ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் பாடு. இங்கிருந்து கிளம்பவே இல்லையென்றால் நாங்கள் யாரைக் கேட்பது?

கருத்துரு அனுப்பினால் அதன் நகலையும், அனுப்ப முடியாது என்றால் அதற்கான காரணத்தையும் எழுத்துமூலம் தருமாறு வேண்டுகிறோம். குறுஞ்செய்தி வேண்டாம். இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் வகுப்பு தொடங்கினால், இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் கிடைக்கும். மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்: இந்தப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க நிதி ஒதுக்க ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர்கள் சார்பில்,
பள்ளி மேலாண்மைக் குழு பெற்றோர் உறுப்பினர்.

இணைப்பு: தீர்மான நகல், முந்தைய மனுக்களின் நகல்கள், பெற்றோர் கையொப்பங்கள்.