மண்டபக் கூரைத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

மண்டபக் கட்டடத்தின் கூரைப் பரணில் காற்றுக் கசிவை அடைத்து, முகட்டிலும் இறவாரத்திலும் காற்றோட்டத் துவாரம் அமைக்கும் வேலை முடிந்தது. செலவுக் கணக்கு தணிக்கைக்குப் பின் தனியாக வரும். என்ன செய்தோம், ஏன் அந்த வரிசையில் செய்தோம் என்பதை இங்கே சொல்கிறோம். “ஒழுகுகிற கூரையை அடைக்கச் சொன்னால் முகட்டில் போய் வாய் திறந்து வைத்திருக்கிறீர்களே” என்று பலர் கேட்டதால் கொஞ்சம் நீட்டியே எழுத வேண்டியிருக்கிறது.

கூரை ஒழுகவே இல்லை. அடைமழையில்கூட உட்கூரை காய்ந்துதான் இருந்தது. கடுங்குளிர் விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் நாளில்தான் பழுப்புக் கறை விரிந்தது. உறைகுளிர்க் காலையில் பரணில் டார்ச் அடித்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. கூரைமேல் ஓடுபோல் அடுக்கிய ஷிங்கிள் வில்லைகளின் ஆணி முனை பிளைவுட்டைத் துளைத்துக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அந்த முனை ஒவ்வொன்றிலும் பஞ்சு சுற்றினாற்போல் வெள்ளை உறைபனி. கூட்டத்தின் மூச்சு, சமையலறை ஆவி, குளியலறை ஈரம் எல்லாம் சூடான காற்றோடு மேலேறி, உட்கூரையின் ஓட்டைகள் வழியே பரணுக்குள் போய், குளிர்ந்த ஆணியிலும் பிளைவுட்டிலும் படிந்து உறைகிறது. வாரக்கணக்கில் சேர்ந்தது ஒரே பிற்பகலில் உருகிச் சொட்டுகிறது. நாம் அதை ஒழுக்கு என்று நினைத்துத் தார் பூசிக்கொண்டிருந்தோம்.

இறவாரத்தில் தொங்கிய பனிக்கட்டிக்கும் வேர் அதுவே. பரண் சூடானால் கூரைமேல் கிடக்கும் பனி அடிப்பக்கம் உருகும். அந்த நீர் சரிவில் இறங்கி, சுவருக்கு வெளியே நீளும் இறவாரத்துக்கு வந்ததும், அங்கே அடியில் சூடு இல்லாததால் மறுபடி உறையும். இப்படி ஓரத்தில் ஒரு கட்டி வரப்பு எழும்பும். அதன் பின்னால் தேங்கும் நீர் ஷிங்கிளுக்கு அடியில் மேல்நோக்கி ஏறி உள்ளே வரும். ஷிங்கிள் மேலிருந்து இறங்கும் நீரைத் தடுக்கத்தான். தேங்கி நிற்கும் நீருக்கு அது தாங்காது.

ஆகவே முதல் வேலை அடைப்பது. காற்றோட்டம் அதற்குப் பிறகுதான். உட்கூரையில் ஓட்டைகளை விட்டுவிட்டு முகட்டை மட்டும் திறந்தால், கீழிருக்கும் சூட்டை அது இன்னும் வேகமாக இழுக்கும். ஈரமும் கூடவே வரும்.

சூடு தப்பாமலிருக்கப் பரப்பியிருந்த இன்சுலேஷனான பழைய கண்ணாடிப் பஞ்சை ஒதுக்கிப் பார்த்ததில், கறுத்த பட்டையாகத் தூசி படிந்த இடங்களே காற்று ஏறும் வழியைக் காட்டின. பஞ்சு வடிகட்டிபோல் அழுக்கைப் பிடித்து வைத்திருந்தது. மின்கம்பி இறங்கும் துளைகள், உட்சுவர்களின் மேல்கட்டை இணைப்புகள், கழிவுநீர்க் காற்றுக்குழாயைச் சுற்றிய இடைவெளி ஆகியவற்றை நுரை கொண்டும் காக் என்னும் அடைப்புப் பசை கொண்டும் அடைத்தோம். செங்கல் புகைபோக்கியைச் சுற்றி நுரை கூடாது. மரத்துக்கும் அதற்கும் இடையே விட்டிருந்த 2 அங்குல இடைவெளியைத் தகரத் தகடு வைத்து, நெருப்புத் தாங்கும் சீலன்ட் இட்டு மூடினோம். இன்சுலேஷன் அதன்மேல் சரியாமல் இருக்கத் தகரத்திலேயே ஒரு வேலியும் உண்டு. உட்கூரையில் பதிந்த பழைய விளக்குகளை எடுத்துவிட்டு, காற்றுக் கசியாத, இன்சுலேஷன் மேலே படலாம் என்று குறிக்கப்பட்ட விளக்குகளைப் பொருத்தினோம். பரண் வாசல் மூடிக்கு 4 அங்குல நுரைப்பலகை, சுற்றிலும் ரப்பர் பட்டை, இழுத்துப் பிடிக்க இரண்டு கொக்கி. பூட்டிய பிறகு ஊதுபத்தியைக் கீழே ஓரமாகக் காட்டினால் புகை நேராக எழ வேண்டும். விளிம்பை நோக்கி வளைந்தால் இன்னும் கசிகிறது என்று பொருள். முதல் தடவை வளைந்தது. கொக்கியை நகர்த்திய பிறகே நேரானது.

குளியலறை விசிறியின் வளைகுழாய் பரணுக்குள்ளேயே, இறவாரத்தை நோக்கி நீட்டிய நிலையில் முடிந்திருந்தது. அங்கே விடும் ஈரக்காற்றை இறவாரத் துவாரமே திரும்ப உள்ளே உறிஞ்சும். இப்போது வழுவழுப்பான உலோகக் குழாய், மேலே இன்சுலேஷன் உறை, கூரைக்கு வெளியே தனி மூடியோடு போகிறது. உறை இல்லாவிட்டால் குழாய்க்குள்ளேயே நீர் கூடி விசிறிக்குத் திரும்பி வரும்.

இனி காற்றோட்டக் கணக்கு. பரண் தளம் 50 அடிக்கு 30 அடி, அதாவது 1,500 சதுர அடி. வட அமெரிக்கக் கட்டட விதிகளில் பழகிய விகிதம், தளப் பரப்பில் 300-ல் ஒரு பங்கு திறந்த பரப்பு. அமெரிக்காவில் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் 1942-லேயே இதை விதியாக்கிவிட்டது. மேலும் கீழும் துவாரங்கள் சமமாகப் பிரிந்து, உட்கூரையின் சூடான பக்கத்தில் ஈரத்தடுப்பும் இருந்தால் இந்த விகிதம் செல்லும். இல்லாவிட்டால் 150-ல் ஒன்று. நம் உட்கூரையில் பாலிதீன் தாள் ஏற்கெனவே இருந்தது. ஆக 5 சதுர அடி, 720 சதுர அங்குலம் போதும். இது ஆகக் குறைந்த அளவுதான். நாம் போட்டது: முகட்டில் 48 அடி நீளம், அடிக்கு 18 சதுர அங்குலம், மொத்தம் 864. இறவாரத்தில் இரு பக்கமும் சேர்த்து 100 அடி, அடிக்கு 9 சதுர அங்குலம், மொத்தம் 900. கீழே உள்ளது மேலே உள்ளதைவிடக் குறையக் கூடாது. குறைந்தால் முகடு தனக்கு வேண்டிய காற்றை மண்டபத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். வாங்கும்போது துவாரத்தின் வெளி அளவைப் பார்க்கக் கூடாது. பூச்சி வலை போக மிஞ்சும் திறப்பளவு பெட்டியில் அச்சாகியிருக்கும், அதுதான் கணக்கு.

இறவாரத்தில்தான் எங்களுக்கு அதிர்ச்சி. வெளியிலிருந்து பார்த்தால் அழகாகத் துளையிட்ட அலுமினியத் தகடு. கழற்றினால் பின்னால் பழைய பலகை முழுசாக, ஒரு துளைகூட இல்லாமல்! இத்தனை வருடமும் அந்தத் துளைகள் அலங்காரத்துக்குத்தான் இருந்திருக்கின்றன. பலகையை அறுத்துத் திறந்தோம். 24 அங்குலத்துக்கு ஒரு கைமரம் என்பதால் பக்கத்துக்கு 25, மொத்தம் 50 இடைவெளிகள். ஒவ்வொன்றிலும் பிளைவுட்டுக்கு அடியில் காற்றுத் தடம் ஒன்றை (இன்சுலேஷன் அடைக்காமல் காற்று மேலேற வழிவிடும் தகடு) ஸ்டேபிள் செய்திருக்கிறோம். 1 அங்குலம் காலியாக இருந்தால் போதும் என்பது விதி. நாங்கள் 2 அங்குலம் விட்டோம். தடத்தின் கீழ்முனையில் சுவருக்கு நேர் மேலே தடுப்பு வைக்காவிட்டால் காற்று இன்சுலேஷனுக்குள் புகுந்து ஓரத்தைக் குளிர வைத்துவிடும். அதையும் வைத்தாயிற்று.

பக்கச்சுவர்களின் முக்கோண உச்சியில் இருந்த பழைய துவாரங்கள் இரண்டையும் மூடிவிட்டோம். முகட்டுக்குப் பக்கத்திலேயே அவை திறந்திருந்தால் காற்று குறுக்கு வழியில் போய்விடும், இறவாரத்திலிருந்து ஏறாது. மின்விசிறி வைக்கலாமே என்ற யோசனையும் வந்தது. வேண்டாம் என்றோம், ஏனென்றால் அது மண்டபக் காற்றையே உறிஞ்சும். எரிவாயு அடுப்பு, ஹீட்டர் புகையைக்கூடத் திரும்ப உள்ளே இழுக்கலாம்.

பழைய 6 அங்குலப் பஞ்சின்மேல் 10 அங்குலம் செல்லுலோஸ் (காகிதத் தூள் இன்சுலேஷன்) ஊதப்பட்டது. சூட்டைத் தடுக்கும் திறனைச் சொல்லும் ஆர் அளவில் மொத்தத் தடுப்பு ஆர்-50-ஐத் தாண்டும். ஆழம் காட்டும் அளவுக்கோல்கள் ஐந்து இடத்தில் நிற்கின்றன. பூஞ்சை கறுத்திருந்தும் கெட்டியாக இருந்த பிளைவுட்டை வைத்துக்கொண்டோம். அடுக்கு பிரிந்து உப்பிய 6 தாள்களை மட்டும் மாற்றினோம். இறவார ஓரத்திலிருந்து, வெளிச்சுவர்க் கோட்டைத் தாண்டி உள்ளே 24 அங்குலம் வரை ஷிங்கிளுக்கு அடியில் ஒட்டும் நீர்த்தடுப்புத் தாள் இருக்கிறது.

தங்கள் வீட்டிலும் இதே வேலையை நினைக்கும் உறுப்பினர்களுக்கு ஒன்று: பரணில் சாம்பலும் பொன்னிறமும் கலந்து மினுங்கும் சிறுகல் போன்ற இன்சுலேஷன் கண்டால் தொடாதீர்கள். அது வெர்மிகுலைட். 1990-ல் மூடப்பட்ட, அமெரிக்காவின் மொன்டானா மாநில லிபி சுரங்கத்திலிருந்து வந்ததில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. ஆய்வகச் சோதனைக்குப் பிறகே கை வைக்க வேண்டும்.

குளிர்காலத்தில் “குளிர் உள்ளே வருகிறது” என்று துவாரங்களில் துணி, பஞ்சு எதுவும் திணிக்க வேண்டாம். பரண் வெளியைப்போலவே குளிர்ந்திருக்க வேண்டும். மண்டபத்தில் மாட்டிய ஈரமானி கடுங்குளிரில் 40 சதவீதத்தைத் தாண்டினால் சமையலறை, குளியலறை விசிறிகளை ஓட விடவும். உறைகுளிர் தொடங்கியபின் மாதம் ஒருமுறை பராமரிப்புப் பொறுப்பாளர் பரண் வாசலைத் திறந்து ஆணி முனைகளைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார்.

ஒரு வேலை பாக்கி. முன்தாழ்வாரத்தின் கூரை கிட்டத்தட்டத் தட்டையானது. கைமரங்களுக்கு இடையில் காற்றுத் தடத்துக்கும் இன்சுலேஷனுக்கும் சேர்த்து இடமில்லை. அங்கே மேலிருந்து ஷிங்கிளைப் பிரித்து, பிளைவுட்டின்மேலேயே நுரைப்பலகை இட்டு மூடுவதே சரி என்பது குழுவின் கருத்து. அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒப்புதலுக்கு வைக்கிறோம். அதுவரை அந்த ஓரத்தில் பனி சேர்ந்தால் தரையில் நின்றபடி நீள்கம்புப் பனிவாரியால் இழுத்துவிடவும். கட்டியைக் கோடரியால் உடைக்க வேண்டாம், ஷிங்கிளும் சேர்ந்து உடையும்.

திருப்பணிக் குழு