பிளாங்க் அளவையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள்

சேலத்தில் தண்ணீர், கழிவுநீர் பரிசோதனைக்கூடம் நடத்தும் அனைவருக்கும்,

வணக்கம். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். சேர்வராயன் மலையில் பிறந்து ஊருக்குள் வரும் திருமணிமுத்தாற்றில் தண்ணீர் எடுத்து, சிஓடி பார்க்க ஒரு கூடத்தில் கொடுத்தேன். நீரிலுள்ள அழுக்கை வேதிமுறையில் ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவுதான் சிஓடி. கூடவே இன்னொரு பாட்டிலும் கொடுத்தேன். அதில் இருந்தது காய்ச்சி வடித்த நீர். அதற்கும் லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று ரிப்போர்ட் வந்தது.

நேரில் போய்க் கேட்டேன். மறுக்காமல் நோட்டைக் காட்டினார்கள். பிளாங்க், அதாவது மாதிரி இல்லாமல் வெறும் வடிநீரை வைத்துச் செய்யும் அதே சோதனையின் அளவு, எழுதும் இடத்தில் எல்லா நாளும் 25.0 மில்லி. 10 மில்லி, 0.25 நார்மல் டைகுரோமேட்டுக்கு 0.1 நார்மல் ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் எவ்வளவு வேண்டும் என்று தாளில் போட்ட கணக்கு அது. பிளாங்க் வைக்கவே இல்லை. அழுக்கு தின்றதுபோக மிஞ்சிய டைகுரோமேட்டைத்தான் இந்த ஃபெரஸ் கரைசலால் அளக்கிறோம்; பிளாங்க்குக்கு இறங்கியதிலிருந்து மாதிரிக்கு இறங்கியதைக் கழித்துத்தான் சிஓடி கணக்கிடுகிறோம்.

அங்கேயே ஒன்று வைக்கச் சொன்னேன். மாதிரிக்குப் பதில் வடிநீர். மற்றபடி அதே டைகுரோமேட், அதே அமிலம், அதே சில்வர் சல்பேட், அதே இரண்டு மணி நேரக் கொதி. உட்கார்ந்து பார்த்தேன். முடிவைக் காட்டும் நிறங்காட்டியான ஃபெரோயின் செம்பழுப்புக்குத் திரும்பியபோது பியூரெட்டில் 24.5. குறைந்த அரை மில்லி, அமிலத்திலும் குடுவையிலும் வடிநீரிலும் ஒட்டியிருந்த அழுக்கின் கணக்கு. 20 மில்லி மாதிரி எடுத்தால் அதுவே லிட்டருக்கு 20 மில்லிகிராம்.

ஜவ்வரிசி ஆலையிலிருந்து நேராக வரும் கழிவுநீரில் சிஓடி ஆயிரக்கணக்கில் இருக்கும், அங்கே 20 ஒரு பொருட்டில்லை. சுத்திகரித்து ஆற்றில் விடும் நீருக்கோ வரம்பு 250. உண்மையில் 235 இருப்பதை 255 என்று எழுதிவிட்டால் ஆலைக்காரர் செய்யாத தப்புக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சரி, போன வாரம் வைத்த பிளாங்க் போதாதா என்றால், அது இன்னும் மோசம். ஃபெரஸ் கரைசல் காற்றுப் பட்டு நாளாக நாளாக வலுவிழக்கும். மாதிரிக்கு அதிகமாக இறங்கும். பழைய பிளாங்க்கிலிருந்து அதைக் கழித்தால் வித்தியாசம் சுருங்கி, அழுக்குத் தண்ணீர் சுத்தமாகத் தெரியும். ஆற்றோரம் கிணறு வைத்திருப்பவர் அந்த எண்ணை நம்புகிறார்.

அதனால் கேட்கிறேன். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு தொகுதிக்கும் பிளாங்க் வையுங்கள். மாதிரி எடுக்கப் போகும்போது ஒரு பாட்டில் வடிநீரையும் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய், திறந்து மூடி எடுத்து வந்து, வழியில் அழுக்கு சேர்ந்ததா என்று அதையும் சோதியுங்கள். இரண்டு அளவையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள். செலவு கூடினால் கட்டணத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
சேலம்